பழைய மண்டபம், ஆறிய சோறு: வாசகர் கேள்வி பதில்

பழம்பெருமை உள்ள ஹோட்டல் என்று நம்பிப் போய், கட்டடத்தை ரசித்துவிட்டுச் சாப்பாட்டில் ஏமாந்து திரும்பிய வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சிலர் கண்டி, நுவரெலியா, கொழும்புப் பக்கம் பயணம் போனவர்கள். சிலர் இங்கேயே மட்டக்களப்பு வாவிக்கரையிலும் கடற்கரையிலும் சாப்பிட்டவர்கள். எந்த ஹோட்டலின் பெயரையும் போடவில்லை. குறை குசினியில் எங்கே பிறக்கிறது, சாப்பிடப் போகிறவர் அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதுதான் பேச்சு.

கேள்வி: பாடசாலை விடுமுறைக்கு மலைநாட்டுக்குப் போன இடத்தில், வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு மதிய பஃபே சாப்பிட்டோம். நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டேகால் மணி. சோறு மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தது. மீன் கறியில் எண்ணெய் பிரிந்து மிதந்தது, மீன் தூளாகிக் கிடந்தது. ஆறு பேருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. பிந்திப் போனது எங்கள் பிழையா?
(வாசகி, கல்லடி)

பதில்: பிந்திப் போனது காரணம்தான். ஆனால் பிழை உங்களுடையது அல்ல. மூன்று மணிவரை பஃபே என்று பலகையில் எழுதியவர்கள், 12.30க்கு வருகிறவருக்கும் 2.15க்கு வருகிறவருக்கும் ஒரே தரத்தில் சாப்பாடு தர வேண்டும். இருவரிடமும் வாங்குவது ஒரே காசுதானே.

பஃபே மேசையில் இருக்கும் மூடித்தட்டத்தின் அடியில் சுடுதண்ணீர், அதற்குக் கீழே சின்ன நெருப்பு. அது சூட்டைக் காப்பாற்றி வைக்கும் ஏற்பாடு மட்டுமே. அதில் ஆறியதைச் சூடாக்கவும் முடியாது, சமைக்கவும் முடியாது. சாப்பாடு 60 பாகை செல்சியசுக்கு மேலேயே நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் மூடியைத் திறக்கத் திறக்க மேற்சோற்றின் ஆவி பறந்து அது காய்கிறது. மூடியில் படிந்த தண்ணீர் ஓரமாக வழிந்து அடிச்சோற்றை நனைக்கிறது. ஐந்தாறு கிலோச் சோற்றை ஒரே தட்டத்தில் கொட்டிவிட்டுப் போகிற இடத்தில் இது நடக்காமல் இருக்காது. ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோவாக அரை மணிக்கொரு தரம் புதிதாகக் கொண்டுவந்தால் நடக்காது.

மீன் கறியின் கதை வேறு. வீட்டில் என்ன செய்கிறோம்? தண்ணிப்பாலில் மீனை வேகவிட்டு, கட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிடுகிறோம். தேங்காய்ப்பாலின் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். நீண்ட நேரம் சூட்டில் நின்றால் புரதம் திரைந்து எண்ணெயைக் கைவிட்டுவிடும். இரண்டு சென்டிமீற்றர் தடிப்புள்ள பாரைத் துண்டு எட்டுப் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அதன் பிறகு இரண்டு மணி நேரம் தட்டத்தில் கிடந்தால் தூளாகத்தான் வேண்டும். பாலும் மீனும் சேர்ந்த கறியை பஃபேயில் வைப்பதே எங்கள் பார்வையில் தவறான தெரிவு. மீன் அம்புல் தியல் (புளியில் வற்றவைத்த மீன்), பொரித்த மீன், கத்தரிக்காய் மோஜு, இறைச்சிக் கறி போன்றவை சூட்டில் நின்றாலும் தாங்கும்.

பழைய கட்டடங்களுக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. புகைக்கும் தீப்பயத்துக்கும் அஞ்சி அந்தக் காலத்தில் குசினியைப் பிரதான வீட்டிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். இன்றும் பல இடங்களில் சட்டி நீண்ட விறாந்தை வழியாக நடந்துதான் மண்டபத்துக்கு வருகிறது. அதனால் வேலையாட்கள் அடிக்கடி கொஞ்சமாகக் கொண்டுவராமல், ஒரே தடவையில் நிறையக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்த தடவை பஃபே திறந்து அரை மணிக்குள் போய் இருங்கள். பிந்திப் போக நேர்ந்தால், காசு கட்டுவதற்கு முன்னர் மேசையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. கறித் தட்டங்களின் ஓரத்தில் காய்ந்த கோடு இருந்தால், கறி அந்த மட்டத்திலிருந்து வற்றியிருக்கிறது, வந்து நெடுநேரம் ஆகிவிட்டது என்று பொருள். "புதுச்சோறு எப்போது வரும்?" என்று கேளுங்கள். "இதுதான் கடைசி" என்று பதில் வந்தால், பஃபேயை விட்டுவிட்டுப் பட்டியலிலிருந்து ஒரு வகையைச் சொல்லிச் சமைப்பிப்பதே நல்லது.

கேள்வி: வெள்ளிக்கிழமை விரதம். பழம்பெரும் ஹோட்டல் ஒன்றில் "மரக்கறிச் சாப்பாடு" என்று தெளிவாகச் சொன்னோம். பாதிச் சாப்பாட்டில் சம்பலுக்குள் மாசித் துண்டு (காயவைத்த சூரை மீன்) வந்தது. வெயிட்டரிடம் கேட்டால் "அது மீன் இல்லை, மாசிதானே" என்கிறார். எப்படித்தான் சொல்வது?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: அந்த வெயிட்டர் பொய் சொல்லவில்லை. தென்னிலங்கைச் சமையலில் மாசி ஒரு சுவைப்பொருள், உப்புப்போல. மீன் கறி என்ற கணக்கில் அவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. ஆகவே "மரக்கறி" என்ற சொல் அங்கே உங்களைக் காப்பாற்றாது. எதெல்லாம் கூடாது என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: மாசி, நெத்தலி, இறால் தூள், சிப்பிச் சோஸ், கோழித் தூள்.

மாசி ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்து வைத்திருங்கள். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டச் சம்பல், பருப்புத் தாளிதம், போஞ்சிக் கறி, கீரைச் சுண்டல். சீனிச் சம்பலில் அநேகமாக எப்போதும் இருக்கும். மரக்கறிச் சூப் பெரும்பாலும் கோழிக் கட்டியைக் கரைத்தே கொதிக்கிறது. மரக்கறி பிறைட் ரைஸில் சிப்பிச் சோஸ் விழும். எல்லோரும் மறக்கிற ஒன்று அப்பளம். கட்லட்டும் மீனும் பொரித்த அதே எண்ணெயில்தான் பல குசினிகளில் அப்பளமும் பொரிகிறது.

சொல்ல வேண்டிய நேரம் மேசையில் இருந்த பிறகு அல்ல, முதல் நாள். மதியச் சம்பல் காலை பத்து மணிக்கே இடிபட்டுவிடும். நீங்கள் பன்னிரண்டரைக்குச் சொன்னால் அதிலிருந்து மாசியை யாரும் பொறுக்கித் தர முடியாது. முதல் நாளே சொன்னால் உங்கள் பங்கை மாசி போடுவதற்கு முன்னர் எடுத்து வைப்பார்கள். சம்பலுக்கு அது ஒரு நிமிட வேலை.

கேள்வி: நாங்கள் ஹலால் பார்த்துச் சாப்பிடுபவர்கள். பழைய ஹோட்டல்களில் ஒரே குசினியில் பன்றி இறைச்சியும் மதுவும் புழங்குகிறது. காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் தங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: கோழி எங்கிருந்து வருகிறது என்பதை எல்லோரும் கேட்பார்கள். காலையில் அதைவிட முக்கியமானது முட்டை சுடும் தாச்சி. பேக்கன் வாட்டிய அதே தாச்சியில், அதே கொழுப்பில் ஒம்லெட் சுடுவது ஆங்கிலப் பாணிக் குசினிகளில் சாதாரணம். அவித்த முட்டை கேளுங்கள், அல்லது புதுத் தாச்சியில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். சொசேஜ் எந்த இறைச்சி என்றும், பாணில் பூசுவது பட்டரா வேறு கொழுப்பா என்றும் கேளுங்கள். இனிப்பில் மூஸ், ஜெலி, மேலே பளபளக்கும் கேக் போன்றவற்றில் ஜெலற்றின் இருக்கக்கூடும். நம் வீட்டுக் கடற்பாசியைப்போல அது பாசியிலிருந்து வருவதல்ல, விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வட்டிலப்பத்திலும் கரமல் புடிங்கிலும் அது தேவையில்லை. பழக்கேக்கில் பிரண்டி ஊறியிருக்கலாம்.

கேள்வி: காலையில் இடியப்பம் கயிறுபோல இருந்தது, அப்பத்தின் கரை தோல்போல இழுபட்டது. பாண், முட்டை கேட்டவர்களுக்கு மட்டும் எல்லாம் நன்றாக வந்தது. நம் சாப்பாட்டை நம் நாட்டு ஹோட்டலே இப்படிச் செய்யலாமா?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது. பாணைச் சுடுவதற்கு ஒரு இயந்திரம் போதும். இடியப்பமும் அப்பமும் ஆள்பலம் கேட்பவை, அங்கேதான் செலவைக் குறைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு அப்பத்துக்கு மூடி வைத்துச் சுட மூன்று நிமிடம். நான்கு அடுப்பில் ஒருவர் நின்றால் மணிக்கு 80 அப்பம், அதுவும் கைவிடாமல் சுட்டால். அறுபது விருந்தினர் ஆளுக்கு இரண்டு கேட்டால் 120. எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக வருவார்கள் என்று பயந்து, ஆறரைக்கே சுட்டு அடுக்கிவிடுகிறார்கள். அடுக்கிய அப்பத்தில் நடுவிலுள்ள பஞ்சின் ஈரம் மொறுமொறுத்த கரைக்கு ஏறும். கால் மணி நேரத்தில் கரை தோலாகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. முட்டையப்பத்தை அடுக்கி வைக்க முடியாது, மஞ்சட்கரு உடையும். ஆகவே முட்டையப்பம் கேட்டால் அது அநேகமாக உங்களுக்கென்று சுட்டதாகத்தான் இருக்கும்.

இடியப்பத்தைப் பல ஹோட்டல்கள் வெளியில் வீடுகளில் அவிப்பவர்களிடம் விடிய முன் வாங்குகின்றன. அதில் குற்றமில்லை, நல்ல கைப்பக்குவம் அங்கேதான் இருக்கிறது. குற்றம் அதற்குப் பிறகு வருகிறது. ஆறிய அரிசி மாவின் மாப்பொருள் மறுபடி இறுகும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும். அதை மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஆவியும் ஓரத்தில் கயிறும் கிடைக்கும். நீத்துப்பெட்டியிலோ தட்டிலோ வைத்து, கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் மூன்று நான்கு நிமிடம் விட்டால் பழைய மென்மை பெரும்பாலும் திரும்பும். "ஆவியில் வைத்துத் தாருங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, அவர்களுக்கும் பெரிய வேலை அல்ல.

கேள்வி: பட்டியலில் நண்டுக் கறி, "சந்தை விலை" என்று மட்டும் இருந்தது. வந்த பில் கண்ணைக் கட்டியது. ஓட்டை உடைத்தால் உள்ளே தண்ணீர். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கே இப்படியா?
(வாசகர், கல்முனை)

பதில்: "சந்தை விலை" என்று போட்டிருக்கும் எதையும் மூன்று விடயம் கேட்காமல் சொல்லாதீர்கள்: விலை 100 கிராமுக்கா கிலோவுக்கா, எத்தனை கிராம் நண்டு, நிறுப்பது சமைக்க முன்னரா பின்னரா. 100 கிராம் விலையை கிலோ விலை என்று எண்ணி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கட்டிய ஈரக்கயிற்றோடு நிறுத்தால் கயிற்றுக்கும் காசு கொடுக்கிறீர்கள். முழு நண்டின் நிறையில் மூன்றில் ஒரு பங்குகூடச் சதை தேறாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் நண்டு என்பது ஓடு கழற்றிப் புதிதாக ஓடு போட்ட நண்டு. புது ஓட்டுக்குள் சதை நிறையச் சில வாரங்கள் செல்லும், அதுவரை உள்ளே நீர்தான். உயிர் நண்டைக் குசினியிலிருந்து மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓடு புதிதாகப் பளபளத்து, கொடுக்கின் பற்கள் கூர்மையாக இருந்தால் வேண்டாம். ஓடு மங்கி, பற்கள் தேய்ந்திருந்தால் நல்லது. வயிற்றுப் பக்கத்தில் கடைசிக் காலின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல நின்றால் சதை உண்டு. அமிழ்ந்தால் திருப்பி அனுப்புங்கள். கொடுக்கு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையை வையுங்கள்.

செத்த நண்டை ஐஸில் வைத்துச் சமைத்தால் சதை பசையாகும், ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. உயிரோடு பார்த்த நண்டுதான் சட்டிக்குப் போனதா என்பதற்கு அதுவே சாட்சி. துண்டாக்கிய நண்டு தண்ணிப்பாலில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வேக வேண்டும். கட்டிப்பாலும் முருங்கையிலையும் கடைசியில். சுத்தம் செய்வதோடு சேர்த்து எப்படியும் 35, 40 நிமிடம் ஆகும். சொல்லிப் பத்து நிமிடத்தில் நண்டுக் கறி வந்தால், அது முன்னரே வெந்து கிடந்தது.

இன்னொரு செய்தி. நொவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கத்துக் கடல் கொந்தளிப்பு. வள்ளங்கள் போகாத நாட்களில் கடல்மீன் "இன்று பிடித்தது" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த மாதங்களில் வாவி இறாலும் வாவி மீனும் கேட்பது பொருத்தம்.

கேள்வி: சூரை மீன் கறி சாப்பிட்டு அரை மணியில் என் கணவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தது. ஹோட்டலில் "உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது போல" என்றார்கள். அவர் பிறந்ததிலிருந்து சூரை சாப்பிடுபவர்.
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹிஸ்டமின் நஞ்சாதலுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. அப்படியென்றால் ஒத்துக்கொள்ளாமை அவரிடம் இல்லை, மீனில்தான் கோளாறு. உறுதி செய்ய வேண்டியவர் வைத்தியர்.

சூரை, கும்பளா போன்ற செந்தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். மீன் பிடித்த பிறகு வெயிலிலோ குசினி மேசையிலோ சூடேறிக் கிடந்தால், பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவானால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மணத்திலும் சில வேளை தெரியாது. வாயில் மிளகு கடித்ததுபோல் எரிச்சல், நாக்கில் கூச்சம் வந்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்துங்கள். அறிகுறி பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் வரும். முகம், கழுத்து சிவத்தல், தலையிடி, படபடப்பு, தோலில் தடிப்பு, சில வேளை வாந்தி, வயிற்றோட்டம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். ஆனால் மூச்சுத் திணறலோ தலைச்சுற்றி விழுவதோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரே மேசையில் அதே மீனைச் சாப்பிட்ட வேறொருவருக்கும் வந்திருந்தால் ஒவ்வாமை என்ற வாதம் நிற்காது.

சோற்றாலும் இப்படி வரும். நேற்றைய சோற்றை வெளியில் ஆறவிட்டு இன்று பிறைட் ரைஸ் போட்டால், பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா விட்ட நஞ்சு கிளறும் சூட்டிலும் அழியாது. சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணிக்குள் வாந்தி வரும்.

சாப்பிட்ட நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். பொதியாக வாங்கிய மிச்சம் இருந்தால் எறியாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்த ஹோட்டல் இருக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். உங்கள் முறைப்பாடு அடுத்த மேசையில் இருக்கும் பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.

கேள்வி: பட்டியலில் 1,000 ரூபாய் என்று இருந்தது பில்லில் 1,300ஐத் தாண்டிவிட்டது. இது முறையா?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் "வரியும் சேவைக் கட்டணமும் வேறு" என்றோ, விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறியோ இருந்திருக்கும். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரி (வற்) 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 சதவீதம். எல்லாம் ஏறினால் ஆயிரம் ஆயிரத்து முந்நூற்றைத் தாண்டுவது கணக்குப்படி சரி. வற் வரி போட்டிருந்தால் பில்லில் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் போட்டிருந்தால் தனியாக டிப்ஸ் கொடுக்க வேண்டிய கடமை இல்லை.

கேள்வி: குறை சொன்னால் மரியாதைக் குறைவு என்று வீட்டில் பேசாமல் வந்துவிடுகிறார்கள். முறையாக எப்படிச் சொல்வது?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: முதல் நான்கைந்து கவளத்துக்குள் சொல்லுங்கள். முக்கால் தட்டு முடிந்த பிறகு சொன்னால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எடுபடாது. வெயிட்டரிடம் கோபப்படுவதில் பயன் இல்லை. அவர் சமைக்கவில்லை, பில்லில் குறைக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. பொறுப்பில் நிற்கும் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "சாப்பாடு சரியில்லை" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. "கோழியின் எலும்போடு சதை சிவந்திருக்கிறது", "சூப் ஆறிவிட்டது", "இறால் ரப்பர்போல இருக்கிறது" என்று குறையைச் சுட்டிச் சொல்லுங்கள். கூடவே உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: மாற்றித் தருவதா, பில்லில் எடுப்பதா. இரண்டில் ஒன்றைக் கேட்பவருக்கே பெரும்பாலும் கிடைக்கிறது.

அங்கே தீராவிட்டால் பில்லைப் பத்திரப்படுத்தி, தட்டைப் படமெடுத்து, மறுநாள் ஹோட்டலின் பொது முகாமையாளருக்கு ஐந்தாறு வரியில் எழுதுங்கள். திகதி, நேரம், மேசை, வகை, குறை, கேட்பது. அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பெற்ற சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் போனால் வழக்கு பலவீனப்படும்.

கேள்வி: கரமல் புடிங்குக்குப் பேர்போன இடம் என்று போனோம். வெட்டிப் பார்த்தால் இடியப்ப உரலின் அச்சுப்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது, வாயில் முட்டை மணம். என்ன நடந்தது?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: அதிகச் சூடு. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80, 85 பாகையில் இறுகிவிடும். அதற்கு மேலே போனால் முட்டை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரை வெளியே தள்ளும். அந்தத் தண்ணீர் ஆவியாகி நின்ற இடங்கள்தான் ஓட்டை, முட்டை மணமும் அதனால்தான்.

சரியான முறை: அரை லீற்றர் பால், 4 முட்டை, 90 கிராம் சீனி, கொஞ்சம் வனிலா. நுரை எழும்ப அடிக்கக்கூடாது, கரண்டியால் கலக்கி வடிகட்டுங்கள். கரமலுக்கு 100 கிராம் சீனியும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரும். தேன் நிறம் தாண்டிச் செம்மண் நிறம் வரும்போது இறக்கி அச்சில் ஊற்றுங்கள். அதற்கு முன்னர் இறக்கினால் வெறும் இனிப்பு, கறுக்கவிட்டால் கசப்பு. அச்சைச் சுடுதண்ணீர்த் தட்டில் பாதி உயரம் மூழ்க வைத்து, 150, 160 பாகை அவனில் 45 முதல் 50 நிமிடம். ஆவியில் வைப்பதானால் தண்ணீர் தளதளக்காமல் மெல்ல முணுமுணுக்க வேண்டும், மூடிக்குத் துணி கட்ட வேண்டும். அச்சை அசைத்தால் ஓரம் நின்று நடு மட்டும் நடுங்கும்போதே எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும். இரவு முழுக்கக் குளிரவிட்டால் கரமல் இளகிக் கீழிறங்கும். அவசரத்துக்கு அன்றே கவிழ்த்தால் பாதிக் கரமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: பழைய வாடிவீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். 14 மேசை, குசினியில் நான்கு பேர். பட்டியலில் 96 வகை இருக்கிறது, முன்னர் நடத்தியவர்கள் விட்டுப் போனது. வருபவர்கள் முகம் சுளித்துப் போகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், பொத்துவில்)

பதில்: பட்டியலிலிருந்து. நான்கு பேரால் 96 வகையைப் புதிதாகச் சமைக்கவே முடியாது. அந்தப் பட்டியல்தான் உறைபெட்டியை நிரப்புகிறது, பழைய இறைச்சியைத் தேக்கி வைக்கிறது, சோஸ் போத்தல்களைப் பெருக்குகிறது. கடந்த மாத ஓடர் துண்டுகளை எடுத்து ஒவ்வொரு வகைக்கும் கோடு போட்டு எண்ணுங்கள். மாதத்தில் ஐந்து தடவைகூடக் கேட்கப்படாததை இரக்கமில்லாமல் நீக்குங்கள். 20 வகைக்கு மேல் வைக்காதீர்கள்.

சோறும் கறியும்தான் வாடிவீட்டின் உயிர். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்தில் பயணம் போகும் உத்தியோகத்தர்களுக்கென்று எழுந்தவை அவை. வந்திறங்குபவர் கோழியா மீனா என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார், சமையல் அதற்குப் பிறகே ஏறும். வாடிவீட்டுச் சாப்பாட்டுக்குப் பெயர் வந்தது அந்தக் காத்திருப்பால்தான். ஆகவே நண்டுக்கு 40 நிமிடம், கோழிக்கு 30 நிமிடம் என்று பட்டியலிலேயே எழுதுங்கள். நேரம் தெரிந்தால் ஆட்கள் பொறுப்பார்கள். தெரியாமல் காக்க வைத்தால்தான் கோபம்.

ஆளுக்கு அரிசி 120 கிராம், மீன் 150 கிராம், எலும்போடு கோழி 200 கிராம், பருப்பு 40 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள். இரண்டு பாற்கறியும் சம்பலும் என்றால் 20 பேருக்கு 7 தேங்காய் வேண்டும். தேங்காயைக் குறைத்துச் சோளமாவால் தடிப்பாக்கிய கறியை நம் ஆட்கள் முதல் கவளத்திலேயே கண்டுபிடிப்பார்கள். சோற்றை இரண்டு தரமாக வையுங்கள். எதிர்பார்க்கும் ஆட்களில் பாதிக்குமேல் 11.30க்கு, மிச்ச அரிசியைக் கழுவி வைத்து 12.45க்கு. உறைந்த கோழியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் தொட்டித் தண்ணீரில் போட்டு இளக்கினால் வெளிப்புறம் கெடும், நடு கல்லாகவே இருக்கும், எலும்போரம் வேகாது.

தட்டுகளைச் சூடாக்கி வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விறாந்தை மேசைக்குப் போகும் சோற்றை மூடியில்லாமல் அனுப்பாதீர்கள். அந்த வறண்ட காற்று பத்து நிமிடத்தில் மேற்சோற்றைக் காயவைத்துவிடும். மின்விசிறியை மேசைக்கு நேர்மேலே சுழலவிடாமல் பக்கத்துக்கு மாற்றுங்கள். 11.45க்குப் பரிமாறுபவர்கள் எல்லோரும் அன்றைய கறி ஒவ்வொன்றையும் ஒரு கரண்டி ருசி பார்க்க வேண்டும். எது இன்று நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் விருந்தினருக்கு உண்மையாகச் சொல்ல முடியும். உப்புக் குறை அங்கேயே பிடிபடும், திருத்த நேரமும் இருக்கும்.

தயிரைப் பற்றி ஒரு சொல். பிளாஸ்டிக் கிண்ணத் தயிரை வாங்கி வைக்காதீர்கள். நம் மாவட்டத்து எருமைத் தயிர் மண்சட்டியில் உறைவது. சாய்த்தாலும் அது அசையாது நிற்பதற்குச் சட்டி நீரை உறிஞ்சுவதும் ஒரு காரணம். சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோய் விருந்தினர் முன்னால் வெட்டி வையுங்கள், பக்கத்தில் பாணி (இனிப்புப் பாகு).

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. வாவிக்கரையில் பழைய விடுதி ஒன்றில் மதியச் சாப்பாடு கொடுக்க விருப்பம், எட்டுப் பேர். முன்னர் ஒருமுறை ஏமாந்த இடம். எப்படிச் சொல்லி வைப்பது?
(வாசகி, புளியந்தீவு)

பதில்: முதல் நாள் காலை பத்துப் பதினொரு மணிக்கு, குசினி பரபரப்பாகும் முன்னர், தொலைபேசி எடுத்து மேனேஜரைக் கேளுங்கள். இப்படிச் சொல்லலாம்: "நாளை பன்னிரண்டரைக்கு எட்டுப் பேர், அதில் இரண்டு சின்னப்பிள்ளைகள். வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, பாரை மீன் வெள்ளைக் கறி, இறால் பிரட்டல், பருப்பு, கீரைச் சுண்டல், மாசியில்லாத சம்பல். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் கோழி கொஞ்சம். மீன் நாளைக் காலைச் சந்தையில் நல்லதாகக் கிடைக்காவிட்டால் ஒன்பது மணிக்கு முன்னர் எனக்கு அழைத்துச் சொல்லுங்கள், வேறு வகை சொல்கிறேன். வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு?" விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அன்று புறப்படும்போது ஒருமுறை அழைத்து, "இன்னும் அரை மணியில் வருகிறோம்" என்று சொல்லுங்கள். கட்டிப்பாலை எப்போது ஊற்றுவது என்று சமையற்காரர் அந்த அழைப்பை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.